ஜெனிபர் எந்த ஊர்ப் பேர்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். நாற்பது வருஷம் தலையில் மீன்கூடை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். போன மாதம் பேத்திக்கு ஞானஸ்நானம். ஜெனிபர் என்று நான்தான் பேர் சொன்னேன். "பைபிளில் இல்லாத பேர், புனிதர் பேரும் இல்லை. இங்கிலீஷ்காரன் சும்மா வைத்த பேருக்கு அர்த்தம் ஏது?" என்று சம்பந்தி அம்மா விருந்திலேயே சொல்லிவிட்டார்கள். அர்த்தம் இல்லாத பேரையா பிள்ளைக்கு வைத்துவிட்டேன்?
– ஒரு பாட்டி, நாகை மாவட்டம் (பேரன் எழுதியது)

பதில்: அம்மா, அர்த்தம் உண்டு. நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பந்தி அம்மா சொன்னதில் பைபிளில் இந்தப் பேர் இல்லை என்பது சரி. இங்கிலீஷ்காரன் பேர் என்பதுதான் தவறு.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் கால் நீட்டினாற்போல ஒரு நிலம் இருக்கிறது. கார்ன்வால் என்று பேர். மீன்பிடிப்பும் வெள்ளீயச் சுரங்கமும்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாக இருந்தது. அந்த மக்களுக்கென்று கார்னிஷ் என்ற தனி மொழி இருந்தது. அது ஆங்கிலத்தின் கிளை இல்லை. வேல்ஸ் மொழிக்கும் பிரான்சில் பேசும் பிரெட்டன் மொழிக்கும் கூடப்பிறந்தது. கார்ன்வால்காரர்கள் வாயில் உருப்பெற்ற பேர்தான் ஜெனிபர்.

மூலம் ஒரு ராணியின் பேர். பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவைப் பற்றிப் பேரன் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். அந்த ராஜாவின் மனைவி. வேல்ஸ் மொழியில் அவள் க்வென்ஹுய்வர். 12ஆம் நூற்றாண்டில் மான்மவுத் ஜெஃப்ரி என்பவர் லத்தீனில் எழுதிவைத்த கதையில், அவள் கார்ன்வால் பிரபு கடோர் வீட்டில் வளர்ந்த பெண். அவளே ஆங்கிலத்தில் கினிவியர், இத்தாலியில் ஜினெவ்ரா, கார்ன்வாலில் ஜெனிபர். ஒரு பேர் இவ்வளவு உருமாறுமா என்று கேட்பீர்கள். உங்களுக்கு வடக்கே இருக்கிற தரங்கம்பாடியையே பாருங்கள். டேனிஷ்காரர்கள் வாயில் அது ட்ராங்கெபார் ஆகிவிட்டது. தஞ்சாவூர் டேஞ்சூர் ஆகவில்லையா?

இனி அர்த்தம். 'க்வென்' என்றால் வெள்ளை. நிறம் மட்டும் இல்லை. தூய்மையானது, அருள்பெற்றது என்றும் அந்தச் சொல் விரியும். நாமும் 'வெள்ளை மனசு' என்று சொல்லும்போது தோல் நிறத்தையா சொல்கிறோம்? திருவெண்காட்டிலும் வெண்ணாற்றிலும் முன்னால் நிற்கிற அந்த 'வெண்'தான் இங்கே 'க்வென்'. பேரின் பின்பாதிக்கு ஐரிஷ் மொழியில் ஓர் உறவுச் சொல் உண்டு. மனித உலகத்தைச் சேராத உரு, ஆவி என்று அதற்குப் பொருள். அயர்லாந்தின் பழங்கதையில் மேவ் ராணியின் மகளுக்கும் இதே பேர்தான், அவர்கள் மொழி வடிவத்தில். பேர்ப் புத்தகங்களில் 'வெள்ளை அலை' என்றும் போட்டிருப்பார்கள். கடலோரத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இந்த ஐரிஷ் உறவுதான் உறுதியாகப் படுகிறது. ஆவி என்றதும் பயப்படாதீர்கள். சங்கப் பாட்டில் 'அணங்கு' என்ற சொல் வரும். பார்த்தவர் அஞ்சுகிற தெய்வமும் அணங்கு, பார்த்தவர் மயங்குகிற பெண்ணும் அணங்கு. முப்பத்தோரு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உங்கள் பேத்தி வெண்ணணங்கு.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கார்ன்வாலில் மவுஸல் என்று ஒரு மீனவர் ஊர். அங்கே டாலி பென்ட்ரீத் என்று ஒரு அம்மாள் தெருத்தெருவாக மீன் விற்றுப் பிழைத்தார். கார்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசி ஆள் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவர் அவர்தான். 1777 டிசம்பரில் இறந்தார். 1860இல் அவருக்கு அங்கே கோயில் மதிலில் நினைவுக்கல் வைத்தார்கள். நீங்கள் மீன்கூடை சுமந்தவர் என்று கடிதத்தில் படித்ததும் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான் வந்தது.

அந்த மொழி தானாகத் தேயவில்லை. 1549இல் கோயில் வழிபாட்டை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று அரசாங்கம் ஆணை போட்டது. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது, பழைய பூசைதான் வேண்டும் என்று கார்ன்வால்காரர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அரசாங்கப் படை அவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. பூசையில் நுழையாத மொழி வீட்டிலும் மெல்ல மெல்ல ஓய்ந்துபோயிற்று. மொழி போனபிறகும் தாய்மார்கள் பெண்பிள்ளைகளுக்கு ஜெனிபர் என்று வைப்பதை மட்டும் விடவில்லை. எனக்கு இந்தப் பேர் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான். (அந்த மொழிக்கு இப்போது மறுபிறவி. 1904இல் ஹென்றி ஜென்னர் பாடநூல் எழுதித் தொடங்கிவைத்தார். 2002இல் பிரிட்டிஷ் அரசு அதை முறையாக அங்கீகரித்தது.)

வெகுகாலம் கார்ன்வாலுக்கு வெளியே இந்தப் பேரை அதிகம் பேர் கேட்டதில்லை. 1906இல் பெர்னார்ட் ஷா ஒரு நாடகத்தில் நாயகிக்கு இதை வைத்தார். விசித்திரமான பேராக இருக்கிறதே என்று டாக்டர் கேட்க, கார்ன்வாலில் இது ஒன்றும் விசித்திரம் இல்லை, நீங்கள் கினிவியர் என்பதுதான் இது என்று அவள் விளக்குவாள். பிறகு சினிமாவில் ஜெனிபர் ஜோன்ஸ் வந்தார். லூர்து மாதா காட்சி கண்ட பெர்னதெத்தாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். அமெரிக்காவில் 1970 முதல் 1984 வரை, பதினைந்து வருஷமும் பெண்பிள்ளைகளுக்கு அதிகமாக வைத்த பேர் இதுதான்.

நம் பக்கம் வந்த கதையை என் வருகைப் பதிவேட்டை வைத்தே சொல்லலாம். நாகூருக்குத் தெற்கே ஒரு கடலோரப் பள்ளியில் 1979இல் சேர்ந்தேன். அப்போது பதிவேட்டில் ஆரோக்கியமேரி, லூர்துமேரி, சூசையம்மாள், செபஸ்தியம்மாள். தொண்ணூறுகள் பாதியில் ஒரே வகுப்பில் மூன்று ஜெனிபர். கூப்பிட்டால் மூன்று பேரும் "உள்ளேன் ஐயா" என்பார்கள். அதனால் அப்பா பேரின் முதலெழுத்தைச் சேர்த்தே கூப்பிடுவேன்.

புனிதர் திருநாள் ஒன்று வேண்டும் என்றால், ஜனவரி 3ஆம் தேதி பாரிஸ் நகரத்துப் புனித ஜெனவீவ் நாளைச் சில ஜெனிபர்கள் கொண்டாடுகிறார்கள். வேர் வேறு, ஒலி நெருக்கம்தான். உங்களுக்குத்தான் கூப்பிடு தூரத்தில் ஆரோக்கிய மாதா இருக்கிறார். 'ஆரோக்கிய ஜெனிபர்' என்று கூப்பிட்டுப் பாருங்கள், சம்பந்தி அம்மாவும் சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: என் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டு ஜெனிபர். கல்லூரிச் சான்றிதழில் இரண்டு 'என்'. பாஸ்போர்ட் எடுக்கப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு 'என்' போடுவது தப்பு, எங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியவில்லை என்கிறார்கள். எது சரி?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே எழுதத் தெரிந்திருக்கிறது, மகளே. கார்ன்வாலில் ஒரு 'என்' போட்டு எழுதுவது வழிவழியாக வந்த வழக்கம். உலகம் முழுக்கப் பரவியபோது நிலைத்ததுதான் இரண்டு 'என்'. என் மாணவி ஒருத்திக்கும் இதே சங்கடம் வந்தது. இரண்டு தாள்களையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து அழுதாள். இரண்டு ஆளா இது என்று கேட்டிருக்கிறார்கள். எந்த வடிவம் உங்கள் சான்றிதழ்களில் அதிகம் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, தமிழ்நாடு அரசிதழில் பெயர்மாற்றம் வெளியிடுங்கள். அந்த அரசிதழ்ப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள், ஆயுசுக்கும் கேட்பார்கள். தமிழில் 'ஜெனிபர்' என்றும் எழுதலாம், ஆய்த எழுத்தோடு 'ஜெனிஃபர்' என்றும் எழுதலாம். அதிலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் செங்கொடிப் பாரம்பரியம். மார்க்சின் மனைவி நினைவாக மகளுக்கு ஜென்னி என்று வைத்தோம். பள்ளியில் அது ஜெனிபரின் சுருக்கம் என்கிறார்களாம். உண்மையா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இன்று ஜெனிபர்களைச் செல்லமாக ஜென்னி என்று கூப்பிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் ஜென்னி தனியாகவே பழைய பேர். ஜேன் என்ற பேரின் செல்ல வடிவம். மார்க்சின் மனைவிக்கு முழுப்பேர் யோகன்னா பெர்த்தா ஜூலி ஜென்னி. யோகன்னா, ஜேன் இரண்டும் யோவானின் பெண்பால். எபிரேயத்தில் 'கடவுள் அருளினார்' என்று பொருள். அதனால்தான் நம் கத்தோலிக்கப் பெரியவர்கள் யோவானை அருளப்பர் என்று தமிழாக்கினார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மகள் அருளம்மாள்.