பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்குக் குழாய்: கேள்வி பதில்

(தேங்கிய சிறுநீரை வடிக்க, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தபடியே முதுகு வழியாகக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் குழாய் வைப்பது என் அன்றாட வேலை. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.)

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் ஒரு கிட்னியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்கள். பிறந்ததும் குழாய் போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். பிறந்த முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவாகத்தான் ஊறும், வீக்கமும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் ஒரு பக்கம் மட்டும் என்றால் 48 மணி நேரம் கழித்து ஸ்கேன் பார்ப்போம். சீழ் பிடித்தால், இரண்டு பக்கமும் அடைத்தால், இருப்பதே ஒரு சிறுநீரகம் என்றால்தான் குழாய்க்கு அவசரம்.

என் மகனுக்கு வால்வு அடைப்பு. முதுகில் போடாமல் கீழ்வழியாக மட்டும் டியூப் போட்டார்களே?

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இந்த வால்வு அடைப்பு சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையில் இருக்கிறது. சிறுநீர்ப்பை வடிந்தால் பொதுவாக இரண்டு சிறுநீரகங்களும் வடியும்.

22 நாள் குழந்தைக்குச் சீழ், நாளைக்குக் குழாய். எப்படிச் செய்வார்கள்?

முதலில் ஆன்டிபயாடிக். குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் சின்னத் துணிச் சுருள். அறையும் ஜெல்லும் வெதுவெதுப்பாக இருக்கணும், இந்த வயதில் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். மரத்துப்போக ஊசியோடு மயக்கமும் உண்டு, அதன் அளவை மயக்க மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசி போகும் பாதை ஸ்கேனில் தெரியும், அதற்குக் கதிர்வீச்சு கிடையாது. சிறுநீரகத்துக்குள் நீர் தேங்கிய பைக்குள் நேராகக் குத்த மாட்டோம். சிறுநீரகத்தின் சதை வழியாக, சிறுநீர் வந்து சேரும் கீழ்ப்பக்கக் கிண்ணம் ஒன்றுக்குள் போவோம். பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே இல்லை, சதையும் குழாயைக் கவ்விக்கொள்ளும், ஒழுகாது. ஊசி வழியே கம்பி, கம்பி மேல் குழாய். ரத்தக்குழாய்களுக்காக 1953-ல் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் எழுதிய முறைதான் இது. குழாய் பெரும்பாலும் 6 பிரெஞ்ச், அதாவது 2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே போனதும் நுனி பன்றிவால்போலச் சுருளும்.

பிள்ளைகளின் சிறுநீரகம் ஊசி பட்டதும் வழுக்கி ஓடும். கம்பி சுருள இடமும் இல்லை. நீர் வெளியே கசிந்துவிட்டால் பை சுருங்கி அடுத்த குத்துக்கு இடமிருக்காது. முதல் குத்தே பிடிக்கணும், இருபது வருடமாகியும் அந்த நிமிஷம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

குழாயில் மாட்டிய பையில் சிறுநீர் ரோஸ் நிறத்தில் வருகிறது.

ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கும். கெட்டியான சிவப்போ கட்டிகளோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

நான் வார்டு நர்ஸ். 3 கிலோ குழந்தைக்குக் குழாய் போட்டபின் ஆறு மணி நேரத்தில் 100 மில்லி வந்திருக்கிறது. நல்லதுதானே?

தேங்கியிருந்தது முதலில் கொட்டும், அதைக் கழித்துப் பாருங்கள். வழக்கமாக இந்த எடைக்கு மணிக்கு 3 முதல் 6 மில்லி போதும். அப்புறமும் இப்படியே கொட்டினால் உடம்பு நீரையும் உப்பையும் இழக்கிறது. எடை பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், சோடியம், பொட்டாசியம் பார்க்கணும்.

பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டலாமா? தூளியில் போடலாமா?

பாட்டி கேட்டதுதான் இன்றைய நல்ல கேள்வி. காலில் போட்டு உருவிக் குளிப்பாட்டுவது இப்போதைக்கு வேண்டாம், வெந்நீரில் துணி நனைத்துத் துடையுங்கள். முதுகில் எண்ணெயும் வேண்டாம், பிளாஸ்டர் வழுக்கிக் கழன்றுவிடும். தூளியில் குழாய் மடங்கும், பையும் குழந்தைக்கு மேலே போய்விடும். பை எப்போதும் கீழேதான் இருக்கணும். பயிற்சிக் காலத்தில் நான் ஒற்றைப் பிளாஸ்டரால் ஒட்டிய குழாயை, ஒரு பிள்ளை இரவோடு இரவாக உதைத்தே உருவிவிட்டது. இப்போது தையல் போட்டு, குழாயை ஒரு வளையம் வளைத்து இரண்டு இடத்தில் ஒட்டுகிறேன்.

குழாயை எப்போது எடுப்பார்கள்?

குழாய் அடைப்பைச் சரிசெய்யாது, அவகாசம்தான் தரும். தொற்று அடங்கி, சில வாரம் கழித்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஐசோடோப் ஸ்கேனில் (கொஞ்சம் கதிரியக்க மருந்து செலுத்தி எடுப்பது) பார்ப்பார்கள். போனது என்று நினைத்த சிறுநீரகம் சில சமயம் மீளும். மீண்டால் அடைத்த இடத்தை வெட்டி இணைக்கும் அறுவை சிகிச்சை. அதற்குள் குழாய் உருவிக்கொண்டால் நீங்களாகத் திரும்பச் செருகாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கையோடு அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வழி சில மணி நேரத்திலேயே அடைய ஆரம்பித்துவிடும்.