வீட்டுக்கு வரும் தெரபி: ஆண்டு பேக்கேஜுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 6 வயது. மூளை முடக்குவாதம். பிடித்து உட்கார வைத்தால் உட்காருவான், தானாக நிற்பதில்லை. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் ஊனம் 80 சதவீதம் என்று இருக்கிறது. ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து தெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். மாதத்தில் பிசியோ 22 தடவை (தடவைக்கு ரூ.600), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) 8 தடவை (ரூ.800), பேச்சுப் பயிற்சி 8 தடவை (ரூ.700). மொத்தம் ரூ.25,200. ஆண்டுக்கு ரூ.2,52,000 முன்பணமாகக் கட்டினால் 2 மாதக் கட்டணம் மிச்சம் என்கிறார்கள். 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கிறது. என் ஆண்டுச் சம்பளம் ரூ.8.4 லட்சம், கைக்கு வருவது மாதம் ரூ.62,000. தனியார் வேலை, பிஎஃப் பிடிக்கிறார்கள். மனைவி வேலையை விட்டுவிட்டார். கடன் வாங்கிக் கட்டலாமா? மாற்றுத்திறனாளி பிள்ளைக்கான வருமான வரிக் கழிவுப் பிரிவு 80டிடி-யில் வரி குறையுமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். ரூ.50,400 மிச்சம் என்பது காகிதத்தில்தான். ரூ.2,52,000-ஐ 14 சதவீதத்தில் 12 மாதக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.22,630. வட்டி மட்டும் ரூ.19,500. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு இன்னும் ரூ.5,950. ஆகக் கையில் நிற்பது ரூ.25,000-க்குக் கொஞ்சம் கீழே. உங்களுக்கு ஒரு தடவைக்கான சராசரிச் செலவு ரூ.663. அப்படியானால் ஆண்டுக்கு 38 தடவை, அதாவது மாதம் மூன்று தடவை தெரபி நடக்காமல் போனாலே மிச்சம் பூஜ்யம்.

சளி, காய்ச்சல், வலிப்பு, ஊர்த் திருவிழா, தெரபிஸ்ட்டின் விடுப்பு எல்லாம் சேர்ந்தால் மாதம் மூன்று நாள் போகாத வீடு ஏது? இன்று தடவைக்குத் தடவை கட்டுகிறீர்கள், வராத நாளுக்குப் பணம் இல்லை. பேக்கேஜில் அந்த நாள் பெரும்பாலும் கழிந்துபோகும். இதைவிடப் பெரிய சிக்கல், பழகிய தெரபிஸ்ட் வேலை மாறிப் போவது. குழந்தை புது ஆளிடம் அழுது ஒத்துழைக்காத இரண்டு மாதமும் உங்கள் கணக்கில்தான் ஓடும். நடுவில் அறுவை சிகிச்சை வந்து கட்டுப் போட்டால் வாரக்கணக்கில் எதுவும் செய்ய முடியாது. முன்பணம் கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நடக்காத தடவைகள் அடுத்த மாதத்துக்குச் சேரும் என்றும், நிறுத்தினால் மீதியை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்றும் எழுதி வாங்குங்கள்.

80டிடி விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஊனம் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் கழிவு ரூ.1,25,000. 40 முதல் 80-க்குள் என்றால் ரூ.75,000. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கணக்குப் பார்க்காமல் முழுத் தொகையும் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பழைய வரி முறையில் மட்டும்தான். நீங்கள் பழைய முறைக்குப் போனால் 8,40,000-இல் நிலைக்கழிவு 50,000, 80சி (பிஎஃப் போன்ற சேமிப்புக்கான கழிவு) முழுசாக 1,50,000, 80டிடி 1,25,000 கழித்தும் 5,15,000 நிற்கும். செஸ்ஸோடு வரி ரூ.16,120. புதிய முறையில் 2025-26 நிதியாண்டுக்கு உங்கள் சம்பளத்துக்கு வரியே இல்லை. ஆகவே 80டிடி உங்களுக்குத் தேவைப்படவில்லை. வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி என்று பெரிய கழிவுகள் சேரும் உயர் சம்பளக்காரருக்குத்தான் அது உதவும். அவர்கள் மூளை முடக்குவாதத்துக்குப் படிவம் 10-ஐஏ சான்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். (2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.)

உங்களுக்கு உண்மையில் பணம் மிச்சமாகும் இடம், தெரபிஸ்ட் எத்தனை தடவை வருகிறார் என்பதும் வந்து என்ன செய்கிறார் என்பதும்தான். வாரம் ஐந்து நாள் வந்து 45 நிமிடம் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார், அம்மா அந்த நேரத்தில் சமையலறையில் இருக்கிறார் என்றால் நீங்கள் வாங்குவது கூலி வேலை. தெரபிஸ்ட் வராத மற்ற நேரமெல்லாம் குழந்தையைத் தூக்குவது, உட்கார வைப்பது, ஊட்டுவது, கழிப்பறையில் பிடிப்பது பெற்றோர்தான். எப்படிப் பிடித்தால் இடுப்பு விலகாது, எந்த நாற்காலியில் எத்தனை நிமிடம், ஸ்பிளின்ட் (கை, காலைத் தாங்கும் அணை) எத்தனை மணி நேரம் என்பதை அவர்கள் கைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் காசுக்கான வேலை.

குழந்தைகள் மறுவாழ்வு மருத்துவரைப் பார்த்து 12 வாரத்துக்கு இரண்டு மூன்று இலக்கு எழுதி வாங்குங்கள். ‘தசை இறுக்கம் குறைய வேண்டும்’ போன்ற இலக்கு வேண்டாம். ‘ஸ்டாண்டிங் ஃப்ரேமில் (பிடித்து நிற்க வைக்கும் சட்டம்) 30 நிமிடம் நிற்பது’, ‘டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிப்பது’ என்று பார்த்தால் தெரியும்படி இருக்கட்டும். அவர் ஒப்புக்கொண்டால் பிசியோவை மாதம் 13 தடவையாக்கலாம், அதில் வாரம் ஒன்று பெற்றோருக்கான பயிற்சி. ஆக்குபேஷனல் தெரபியை 4 ஆக்கலாம். ஆனால் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குளியலறையும் உங்கள் சாப்பாட்டுத் தட்டும்தான் அதன் பாடப்புத்தகம், மையத்தில் அது கிடைக்காது. பேச்சுப் பயிற்சி 8 அப்படியே இருக்கட்டும். விழுங்குவதில் சிக்கல் இல்லாவிட்டால் பாதியை வீடியோ அழைப்பில் குறைந்த கட்டணத்துக்குப் பேசிப் பாருங்கள். வீடியோவைக் கணக்கில் சேர்க்காமலே மாதச் செலவு 7,800 + 3,200 + 5,600, அதாவது ரூ.16,600. மிச்சம் ரூ.8,600. எதைக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், என் கணக்கு அல்ல.

குறைக்கக் கூடாத ஒன்று இடுப்பு எக்ஸ்ரே. நிற்காத குழந்தைக்குத் தொடை எலும்பு குழியிலிருந்து மெல்ல விலகும், முதலில் வலிக்காது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துவிட்டால் சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். விட்டால் பெரிய அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

அரசு தருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்து எமிஸ் எண் (பள்ளி மாணவர் பதிவு எண்) வாங்கினால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுவழிப் பயிற்சிக்கு வருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வட்டார அளவில் இயன்முறை மருத்துவர் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒருவர் பல ஊர்களைப் பார்க்கிறார் என்பதால் அடிக்கடி வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தனியார் தெரபிஸ்ட்டுக்கு மாற்றாக இவர்களை நினைப்பதைவிட, அவர் செய்வது சரியா என்று பார்க்க இரண்டாவது கண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கும், மூளை முடக்குவாதத்துக்கான சிறப்பு சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பியுங்கள். ஒப்புதல் வரத் தாமதமாகலாம், அதனால் இந்தத் தொகையை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடாதீர்கள்.

அலுவலகம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வீட்டுத் தெரபிக்கு அதில் இடமிருக்காது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு அதற்கு விதிவிலக்கு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை, முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் ரூ.500, புதுப்பிக்க ரூ.250. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேரலாம். லட்சம் முழுவதும் தெரபிக்கு என்று நினைத்துவிடாதீர்கள், தெரபிக்குத் தனி உச்சவரம்பு உண்டு, அதைச் சேரும்போதே கேளுங்கள். பாலிசி மார்ச் 31-இல் முடியும், புதுப்பிக்க மறந்தால் இடைவெளி விழும்.

நிராமயா, முதலில் நாம் செலவழித்து, பிறகு கேட்டு வாங்கும் திட்டம். கோரிக்கை திரும்பி வருவது பெரும்பாலும் பில்லினால்தான். ‘பிசியோ – ஏப்ரல் மாதம் – ரூ.13,200’ என்று ஒற்றை வரி எழுதிய சீட்டு உதவாது. மகன் பெயர், ஒவ்வொரு தேதி, எந்தத் தெரபி, தெரபிஸ்ட்டின் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். அதைச் சொல்லத் தயங்குபவரை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே நல்லது. கூடவே ‘வாரம் 3 தடவை, 3 மாதம்’ என்று மருத்துவர் எழுதிய சீட்டு வேண்டும், காலம் முடியும் முன் புதுப்பியுங்கள். ரொக்கம் வேண்டாம், யுபிஐயில் கட்டுங்கள். சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் பில்லில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மிச்சமாகும் ரூ.8,600-இல் முதலில் உங்கள் பெயரில் ரூ.1 கோடிக்கு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு). மனைவியும் மகனும் பயன்பெறும்படி 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால் பிற்காலத்தில் கடன்காரர் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. இதைப் பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மீதியை ஆர்டி-யில் போட்டு ரூ.1 லட்சம் சேருங்கள். கால் வளர வளர ஸ்பிளின்ட் மாற்ற வேண்டியிருக்கும், மருத்துவமனையில் இருக்கும் நாளில் உங்கள் சம்பளமும் வெட்டுப்படும்.

பிஎஃப் இ-நாமினேஷனில் (ஆன்லைன் நியமனதாரர் பதிவு) மகன் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிஎஃப்-ஓடு வரும் 1995 பென்ஷன் திட்டத்தில், சந்தாதாரர் இறந்தால் பிள்ளைகளுக்கான பென்ஷன் 25 வயது வரைதான். நிரந்தரமாக முழு ஊனமுள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை.