செடி செழித்திருந்தாலும் மண்ணைச் சோதியுங்கள்

கேள்வி: மூடப்பட்ட காரீய, துத்தநாகச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறோம். வீட்டுத் தோட்டத்தில் கீரையும் கிழங்கும் தக்காளியும் செழிப்பாக விளைகின்றன. எனக்கு இரண்டு வயது மகன் இருக்கிறான். நான் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. காய்கறிகளை நன்றாகக் கழுவி வேகவைத்தால் போதுமா? எல்லோரும் தலைமுடிப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: செடியின் செழிப்பை வைத்து மண்ணைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. காட்மியம் என்ற நச்சு உலோகம் செடியை வாடச் செய்வதற்கு வெகு முன்பே, உண்பவரைப் பாதிக்கும் அளவில் இலைகளில் சேர்ந்துவிடக்கூடும். வேகவைப்பதால் எந்த உலோகமும் அழியாது. கழுவினால் போதுமா என்பது எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது.

காரீயம் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலுமே தங்கிவிடும். காய்களுக்குள் மிகக் குறைவாகவே ஏறும். கீரையில் காணப்படும் காரீயத்தில் பெரும்பகுதி காற்றில் பறந்து வந்து படிந்த தூசியே என்பதால், ஓடும் நீரில் நன்கு கழுவுவதும் கிழங்குகளின் தோலைத் தடிமனாகச் சீவி நீக்குவதும் உண்மையாகவே பயன் தரும். துத்தநாகத் தாதுவோடு பொதுவாகச் சேர்ந்து வரும் காட்மியத்தின் போக்கு வேறு. அது வேர் வழியே உறிஞ்சப்பட்டு இலைக்குள்ளேயே தங்குவதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது; மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் இன்னும் கூடுதலாக ஏறும். ஜப்பானில் காமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்த ஜின்சூ ஆற்று நீரால் விளைந்த அரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்கு, குறிப்பாகப் பல குழந்தைகளைப் பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் எளிதில் முறியும் நோய் வந்தது. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்ற அவர்களுடைய அலறலே நோயின் பெயராயிற்று. அதற்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது.

எனவே மண்ணில் காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவற்றின் அளவையும் அமிலத்தன்மையையும் ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். முடிவு வரும்வரை தோட்டத்துக் கீரையையும் கிழங்கையும் நிறுத்திவிடுங்கள். பின்னர் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த தூய மண்ணை உயரப் பாத்திகளில் நிரப்பிப் பயிரிடலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது காய்கறி அல்ல, இரண்டு வயது மகன். அந்த வயதில் கை அடிக்கடி வாய்க்குப் போகும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஏற்கும்போது, குழந்தையின் உடல் பாதி வரை ஏற்றுக்கொள்ளும். நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் தங்கத் தாதுவை ஊருக்குள்ளேயே அரைத்ததால் பரவிய காரீயத் தூசி, 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தபோது நூற்றுக்கணக்கான சிறு குழந்தைகள் இறந்திருந்தார்கள். உங்கள் இடத்தில் நிலைமை அவ்வளவு கடுமை என்று நான் சொல்லவில்லை. செருப்பை வாசலிலேயே விடுவது, தரையை ஈரத்துணியால் துடைப்பது, உண்ணும் முன் கை கழுவுவது, வெறும் மண்ணில் விளையாட விடாதிருப்பது ஆகிய எளிய பழக்கங்களை இன்றே தொடங்குங்கள் என்கிறேன்.

தலைமுடிப் பரிசோதனை வேண்டாம். முடியின் மேல் படிந்த தூசியும் கணக்கில் சேர்வதால் அதன் முடிவை நம்ப இயலாது. மகனுக்கும் உங்களுக்கும் சிரை இரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலிலுள்ள தூசி கலந்து அளவு கூடிக் காட்டக்கூடும். பெரியவர்களுக்குச் சிறுநீரில் காட்மியத்தையும், அதோடு சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்ப்பது நல்லது. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனத்துக்குரியதாகக் கொள்ளும் அளவு; அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளல்ல. உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் பொதுவாக அந்த அளவு 45 மைக்ரோகிராமை எட்டினால்தான், அதுவும் நிபுணரின் நேரடிக் கண்காணிப்பில்தான் தரப்படும். ‘நச்சு நீக்கி’ என்று விற்கப்படுபவற்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முன்பு உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கியிருந்து, கர்ப்பகாலத்தில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இரத்தத்தில் கரைந்து கருவையும் அடையும். ஆகவே நீங்கள் வசிக்கும் இடத்தைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அவர் சொன்னபடி தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள், இவ்விரண்டும் குறைந்தால் காரீயம் கூடுதலாக ஏறும். மகனுடைய இரத்தப் பரிசோதனையை மண் ஆய்வின் முடிவுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அவனுக்கு ஓயாத வாந்தியோ, வழக்கத்துக்கு மாறான மயக்கமோ, வலிப்போ வந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, சுரங்கத்தின் அருகே வசிப்பதை முதலிலேயே தெரிவியுங்கள்.