மூவாயிரம் பவுண்டிலிருந்து மீன் வரை

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஆறு மாதமாக ஜேன் ஆஸ்டின் பைத்தியம் பிடித்திருக்கிறது. தொடர், படம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு இப்போது நாவல்களுக்கு வந்திருக்கிறாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பெண்களின் கல்யாணக் கவலை, தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கிப் போகிறவளுக்கு எதற்கு? வெறும் கவுன் மோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே., டோம்பிவிலி

அன்புள்ள கே.,

கவுன் மோகமாகவே இருக்கட்டும். நாவலுக்குள் நுழைய ஏதோ ஒரு வாசல் வேண்டுமே. எனக்கு அது மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடை. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’யை அட்டை கிழிந்த நிலையில் அங்கேதான் வாங்கினேன். 1811-இல் வந்த நாவல். முதல் அத்தியாயத்தில் கொட்டாவி விட்டேன். இரண்டாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாகக் கிடந்த அப்பாவிடம், சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள்வதாக ஜான் டேஷ்வுட் வாக்குக் கொடுத்திருக்கிறான். தலைக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுண்டு தரலாம் என்று எண்ணுகிறான். மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் பிள்ளையின் வயிற்றில் அடிப்பதா? ஆயிரம் ஐந்நூறாகிறது. அதற்குப் பதில் சிற்றன்னைக்கு வருடம் நூறு தந்தால் என்ன? வருடாந்தரப் பணம் வாங்குகிறவர்கள் சாவதே இல்லை என்கிறாள் ஃபேனி. சரி, எப்போதாவது ஐம்பது. கடைசியில் வீடு மாறுவதற்கு ஒத்தாசையும், பருவத்துக்குக் கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும் என்று முடிகிறது. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவன் தன்னை நல்லவன் என்றே நம்புகிறான்.

இதே பேச்சை நான் மாட்டுங்காவில், ஓர் உறவினர் ஃபிளாட்டில் கேட்டிருக்கிறேன். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டு இலையை எடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இறந்தவர் உயில் எழுதவில்லை. அப்படிப்பட்ட இந்து அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ‘அக்காவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்’ என்று தம்பி தொடங்கியது, காபி ஆறுவதற்குள் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பட்டுப்புடவையில் வந்து நின்றது. சைவக் குடும்பம், மீன் அனுப்ப வழியில்லை.

இந்த நாவலைத்தான் ராஜீவ் மேனன் 2000-இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக்கினார். தாத்தாவின் உயில் செட்டிநாட்டு வீட்டை மகனுக்கு எழுதிவைத்திருக்கிறது. மகளும் பேத்திகளும் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூத்தவள் சௌம்யா சென்னையில் வேலைக்குப் போய்விடுகிறாள். நாவலில் அந்த மூன்று தங்கைகளில் மூத்தவளான எலினோருக்கு அந்த வழியே கிடையாது. அவளைப் போன்ற குடும்பத்துப் பெண் மானத்தோடு சம்பாதிக்க வேண்டுமென்றால், பெரிய வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். அதை ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘எம்மா’வில் வரும் ஒரு பெண் அடிமை வியாபாரத்தோடு ஒப்பிடுகிறாள். எலினோர் ஒருவனுக்காகக் காத்திருப்பதில் காதலும் இருக்கிறது, தலைக்கு மேல் கூரையும் இருக்கிறது. சௌம்யாவுக்குச் சம்பளம் வரத் தொடங்கியதும் கூரைக் கவலை கழன்றுவிடுகிறது, காதல் மட்டும் மிஞ்சுகிறது. பாட்டுகள் அத்தனை நன்றாக இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிஸராப்ல்’ நாவல் 1950-இல் ‘ஏழை படும் பாடு’ என்ற படமானபோது இந்தச் சிக்கல் வரவில்லை. பசிக்கு ரொட்டி திருடியவனை விடாமல் துரத்தும் போலீஸ்காரன் எந்த ஊரிலும் இருப்பான். அந்த ஜாவர் வேடத்தில் நடித்த சீதாராமனுக்குப் பாத்திரத்தின் பெயர் கடைசிவரை இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆகவே உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டாளா என்று மட்டும் கேளுங்கள். டோம்பிவிலி வீடு யார் பெயரில் இருக்கிறது என்று அவள் உங்களைத் திருப்பிக் கேட்டால், என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.