"எந்தப் பலகையில் இருக்கிறது?" என்று கேட்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பள்ளிப் படிப்பை முடித்த மகள், கூடவே அம்மாவின் அண்ணன். பேச்சைத் தொடங்கியவர் மாமாதான். "கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. இவள் என்னவோ பழங்கால உலக இலக்கியம் படிக்கப் போகிறேன் என்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்." அப்பா தலையாட்டினார். அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் மகளின் நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக வரும்" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அந்த நோட்டை வாங்கிப் பார்த்த பிறகு ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஒரு பக்கத்தின் நடுவே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். இடது பக்கம், இன்றைய ஈராக் பகுதியில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட பழங்காலக் கதையான கில்காமேஷ் காவியத்தின் ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து எழுதி எடுத்த பகுதி. சாகாமல் இருக்க வழி தேடி அலையும் கில்காமேஷிடம் மதுக்கடை நடத்தும் சிதுரி சொல்வது: மரணத்தை மனிதருக்கு வைத்துவிட்டுத்தான் தெய்வங்கள் வாழ்வைத் தம் கையில் வைத்துக்கொண்டன, நீ வயிறாரச் சாப்பிடு, உன் கையைப் பிடித்திருக்கும் குழந்தையைப் பார். வலது பக்கம், இன்னொரு மொழிபெயர்ப்புக்கு. அங்கே ஒரே வரி: "சிதுரி வருகிறாள், இந்தப் பேச்சு இல்லை. ஏன்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. சிதுரியின் அந்த அறிவுரை, அசிரிய அரசன் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்திலிருந்து கிடைத்த பிற்காலப் படியில் (பிரதியில்) இல்லை. அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்த பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில்தான் இருக்கிறது. அந்தப் பலகையும் இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு பெர்லினில், இன்னொன்று லண்டனில். கதை சுவையாக வர வேண்டும் என்று நினைத்த மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு காலத்துப் படிகளையும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். தைத்த இடம் எது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கிறது.

மாமாவிடம் அங்கேயே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், அதில் மனசு இருக்கிற பிள்ளைக்கு. மனசில்லாமல் நான்கு வருடம் தள்ளிவிட்டு வெளியே வரும் பிள்ளை, அதை ஆசைப்பட்டுப் படித்தவர்களோடு ஒரே வரிசையில் நின்று வேலை கேட்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக ஒரு பிள்ளையை அங்கே உட்கார வைக்கக் கூடாது. உறவினர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேர்வுக்கு உட்காரப் போவது அவர்கள் அல்ல.

அப்பா உடனே மறுகோடிக்குப் போனார். "அப்படியானால் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துவிடுகிறோம். வீட்டை வைத்துக் கடன் வாங்கினால் முடியும்." இதற்கு நான் இன்னும் கடுமையாக மறுத்தேன். 'உலக இலக்கியம்' என்று பெயர் தாங்கிய முதுகலைப் படிப்புகள் பலவற்றில் மூலமொழி கட்டாயமில்லை. எல்லாமே மொழிபெயர்ப்பில் நடக்கும். உங்கள் மகளின் கேள்வி மொழிபெயர்ப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. அதற்குப் பதில் சொல்லாத படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்காதீர்கள். முனைவர் பட்டமும் அப்படியே: கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தரும் உதவித்தொகை இருந்தால் மட்டும் சேரட்டும். பழங்கால மொழிகளில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. கடனை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் காத்திருப்பது இளம் வயதை முழுங்கிவிடும்.

ஆசிரியர் வேலை, பத்திரிகை, போட்டித் தேர்வு இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத ஒன்றைப் பற்றிப் பேசலாம். மூலங்களைத் தேடுவது, பதிப்பிப்பது, அட்டவணைப்படுத்துவது. இது ஒரு தொழில். நூலகங்கள், அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், பல்கலைக்கழக அச்சகங்கள், பழம்பனுவல்களைக் கணினியில் ஏற்றும் ஆய்வுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் தேவை.

வேலை எப்படி இருக்கும் என்று கில்காமேஷை வைத்தே காட்டுகிறேன். கையில் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. முதலில் அதன் முன்னுரை, அடிக்குறிப்பு: இவர் எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தார்? பதில் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தைப் படித்து ரசிக்கலாம், ஆய்வுக்கு எடுக்கக் கூடாது. பதில் இருந்தால் அடுத்த கட்டம் செம்பதிப்பு, அதாவது கிடைத்த படிகளையெல்லாம் ஒப்பிட்டு அறிஞர் ஒருவர் கொண்டுவரும் பதிப்பு. கில்காமேஷுக்கு ஆண்ட்ரூ ஜார்ஜ் 2003-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது இருக்கிறது. எந்த வரி எந்தத் துண்டில் இருக்கிறது, படிக்குப் படி சொல் மாறும் பாடபேதம் என்ன என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பது, பலகை உடைந்த இடத்தில் பதிப்பாசிரியர் நிரப்பியது. இந்த ஒரு குறியைப் படிக்கத் தெரியாததால், அறிஞரின் ஊகத்தைக் கவிஞரின் சொல்லாக மேற்கோள் காட்டுகிறவர்கள் ஏராளம்.

அங்கிருந்து பலகைக்கே போகலாம். ஒவ்வொரு துண்டுக்கும் அருங்காட்சியக எண் உண்டு. இந்தக் காவியத்தில் வரும் பெருவெள்ளக் கதை உள்ள புகழ்பெற்ற துண்டு பிரிட்டிஷ் மியூசியத்தில் கே 3375. 'கே' என்பது நினிவே மேடான குயுஞ்சிக்கைக் குறிக்கும் எழுத்து. சி.டி.எல்.ஐ. என்ற இணையத் தரவுத்தளத்தில், ஆப்பெழுத்து (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த எழுத்து) பலகைகளுக்கானது அது, அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம், பல பலகைகளுக்குப் படமும் உண்டு. ஓராக் என்ற இணையத் தளத்தில் பல பனுவல்களில் சொல்லைத் தொட்டால் அகராதிப் பொருள் வரும். அதே மண்ணின் இன்னொரு பழைய மொழியான சுமேரியத்தின் இலக்கியத்துக்கு ஆக்ஸ்போர்டின் இணையத் தொகுப்பு இருக்கிறது, ஏறத்தாழ 400 படைப்புகள், மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து. கில்காமேஷ் காவியத்தின் மொழியான அக்காடியத்துக்கு சிகாகோ அகராதி: 1921-ல் தொடங்கிய வேலை 2011-ல்தான் முடிந்தது, 21 தொகுதி. அத்தனையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டை அடமானம் வைக்க நினைத்த அப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு நுணுக்கம். பழைய பனுவல்களை இன்றைய தலைப்பை வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது. பாபிலோனியர்கள் நூலுக்கு அதன் முதல் வரியையே பெயராக வைத்தார்கள்; கில்காமேஷ் காவியத்தின் பெயர் 'ஆழத்தைக் கண்டவன்'. பலகையின் கடைசியில் அடுத்த பலகையின் முதல் வரியை எழுதி, இது இந்த வரிசையில் இத்தனையாவது பலகை என்றும் குறித்தார்கள். நம் பதிப்புகளில் பின்னால் வரும் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் புரட்டத் தெரிந்தவருக்கு இந்த உலகம் அந்நியமில்லை. உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு 1894-ல் புறநானூற்றை அச்சேற்றியதும் இதே வேலைதான்.

மற்ற மொழிகளுக்கும் இணையத்தில் வழி இருக்கிறது: கிரேக்கம், லத்தீனுக்கு பெர்சியஸ், சமஸ்கிருதத்துக்கு கெட்டிங்கனின் கிரெடில், சீனத்துக்கு சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட், சீனாவின் துன்ஹுவாங் குகைச் சுவடிகளுக்கு 1994-ல் தொடங்கிய சர்வதேசத் திட்டம், தமிழுக்கு மதுரைத் திட்டம். இவற்றில் சிலவற்றில் மூலம் மட்டும் தட்டச்சாகி இருக்கும், எந்த அச்சுப் பதிப்பிலிருந்து என்பதைத் தலைப்பகுதியில் பார்க்க வேண்டும். பதிப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் நிறையக் கிடைக்கும். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பாளருக்கு அதற்குப் பிறகு கிடைத்த துண்டுகள் தெரியாது. 2011-ல் ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் வாங்கிய ஒரு பலகை, கில்காமேஷ் காவியத்தின் ஐந்தாம் பலகைக்குப் புதிதாக ஏறத்தாழ இருபது வரி தந்தது, 2014-ல் வெளியிட்டார்கள். காட்டில் பறவைகளும் குரங்குகளும் எழுப்பும் சத்தம் அதில்தான் வந்தது. அதற்கு முந்தைய எந்தப் புத்தகத்திலும் அந்தக் காடு இவ்வளவு சத்தமாக இல்லை.

சாட்பாட்டிடம் மேற்கோள் கேட்டால், இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண்ணோடு பதில் வரலாம். நூலக அட்டவணையில் அந்தப் புத்தகத்தைப் பார்க்கும் வரை அதை ஆதாரமாக எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"சரி, இதற்குச் சம்பளம் யார் தருவார்கள்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. மூலத்தைத் தேடத் தெரிவது மட்டும் போதாது, அதோடு இரண்டு சேர வேண்டும். ஒன்று, நூலகத் தகவல் அறிவியல். ஒரு சுவடியை எடுத்தால் எத்தனை ஏடு, என்ன அளவு, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த எழுத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது சிதைந்திருக்கிறது என்று விளக்க அட்டவணை எழுதும் பயிற்சி அது. அந்தப் பட்டத்தை வைத்து எந்த நூலகத்திலும் வேலைக்குப் போகலாம் என்பதால் குடும்பத்துக்கும் தைரியம். இரண்டாவது, பனுவலைக் கணினிக் குறியீட்டில் எழுதுவது. 1987-ல் தொடங்கிய டி.இ.ஐ. என்ற முறை இருக்கிறது: இந்தச் சொல் சிதைந்தது, இது பதிப்பாசிரியர் நிரப்பியது, இங்கே இன்னொரு படியில் வேறு பாடம் என்று ஒவ்வொன்றையும் அடையாளமிடும். மியூனிக்கில் நடக்கும் மின்பாபிலோனிய நூலகத் திட்டத்தில் பல்லாயிரம் துண்டுகளை எழுத்துப்பெயர்த்து, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கணினியால் தேடுகிறார்கள். மாமா சொல்லும் கம்ப்யூட்டர் இங்கேயும் இருக்கிறது. ஆனால் துண்டைப் பார்த்து இது இந்தக் கதைதான் என்று சொல்ல மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த வெள்ளக் கதையை முதலில் படித்தறிந்த ஜார்ஜ் ஸ்மித்தைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ரூபாய் நோட்டு போலப் பணத்தாள் அச்சிடுவதற்கான தகட்டில் செதுக்குவதுதான் அவர் கற்ற தொழில், பல்கலைக்கழகம் பார்க்காதவர். மதிய இடைவேளைகளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ப் பலகைகளைப் பார்த்தே ஆப்பெழுத்தைக் கற்றார். பிறகு அங்கேயே வேலை கிடைத்தது. 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் ஒரு சபையின் முன் வெள்ளக் கதையைப் படித்துக் காட்டினார். அவள் "அவர் படித்தது எந்தத் துண்டு?" என்றாள்.

இப்போதைக்கு நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான். மூலமொழி ஒன்றைக் கற்றுத்தரும் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கே இளங்கலை. இல்லையென்றால் செலவு குறைவான கல்லூரியில் வரலாறு, மொழியியல், இலக்கியம் ஏதாவது ஒன்று. அதன் பெயர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கூடவே ஒரே ஒரு பழைய மொழி, தினமும் ஒரு மணி நேரம். மூன்று மொழியில் கால் வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் ஒரு பத்தி போதும்: பத்து வரியை எடுத்து, மொழிபெயர்ப்பிலிருந்து பதிப்புக்கும், பதிப்பிலிருந்து பலகைக்கும் போய், எங்கே எது மாறியது என்று எழுதட்டும். அலுப்புத் தட்டினால் அப்போது வேறு பேசுவோம், ஒரு பைசா கடன் இருக்காது. அலுக்கவில்லை என்றால் அந்த எழுத்தையே விண்ணப்பத்தோடு வைக்கலாம்.

கிளம்பும்போது அம்மா நோட்டைத் திருப்பி வாங்கி, வலது பக்கத்தில் இருந்த "ஏன்?" என்ற சொல்லுக்குக் கீழே எழுதச் சொல்லி மகளிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் பெர்லின், லண்டன் என்று இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாள்.