எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? ஃபேன்டசி நாவல் கேள்வி பதில்

குன்னூர் வாசகர் சந்திப்பில் சீட்டில் எழுதி வந்த கேள்விகள். இந்த முறை ஃபேன்டசி நாவல்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் பதில்.

கே (அரவங்காடு): அக்கா, டோல்கீனைத் தொட்டதே இல்லை. 'சில்மரில்லியன்'தான் உலகம் உண்டான கதை, அதைப் படித்துவிட்டு வந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்கிறான் நண்பன். அப்படியா?

ப: நண்பர் சொன்னபடி செய்தால் அறுபதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள், தம்பி. டோல்கீனின் 'ஹாபிட்' வந்தது 1937, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954–55. 'சில்மரில்லியன்' வந்தது 1977இல், ஆசிரியர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளிலிருந்து மகன் கிறிஸ்டோபர் தொகுத்தது. அது புராணத்தின் நடையில் போகும். கூடவே நடந்துபோக ஓர் ஆள் கிடைக்க வெகுநேரம் ஆகும், ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். மற்ற இரண்டையும் படித்து, அந்தப் பழங்காலத்தின் மேல் ஏக்கம் பிடித்தவர்களுக்கான புத்தகம்.

'ஹாபிட்'டில் தொடங்குங்கள். குழந்தைக்குக் கதை சொல்லும் குரல் ஒத்துவராவிட்டால் நேரே பெரிய நாவலுக்குப் போகலாம், குறையில்லை. ஆனால் அதன் முகப்பில் இருக்கும் முன்னுரைப் பகுதியை முதலில் படிக்காதீர்கள். அதில் வரும் புகையிலை வரலாறு சலிப்பு என்பதற்காக மட்டுமல்ல. ஏடுகள் எப்படிக் கைமாறி வந்தன என்று சொல்லும்போது யார் யார் உயிரோடு திரும்பினார்கள் என்பதையும் அது போட்டு உடைத்துவிடுகிறது. இன்னொன்று, அது மூன்று நாவல் அல்ல. ஆறு பாகமுள்ள ஒரே நாவல். பதிப்பகம் மூன்றாக வெட்டி விற்றது. முதல் தொகுதி மட்டும் வாங்கினால் பாதி வழியில் நிற்பீர்கள். பிடிக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய இரண்டாம் பாகத்தில் வரும் எல்ரோண்டின் சபை வரைக்கும் போங்கள். அதுவும் இழுக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

கே (வெலிங்டன்): சி. எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகப் பெட்டி வாங்கினேன். ஒன்று என்று எண் போட்டிருப்பது 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. அதிலேயே தொடங்கட்டுமா மேடம்?

ப: வேண்டாம். பெட்டியில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு 2, 4, 5, 6, 3, 1, 7 என்று படியுங்கள். அதுதான் 1950 முதல் 1956 வரை அவை வெளியான வரிசை.

எந்தத் தொடரானாலும் என் பதில் இதுதான்: கதைக்குள் எது முன்னால் நடந்தது என்று பார்க்காதீர்கள், ஆசிரியர் எதை முன்னால் வெளியிட்டார் என்று பாருங்கள். முன்கதையாகப் பின்னால் எழுதப்படும் நாவல், வாசகருக்கு மற்றவை தெரியும் என்ற நினைப்பில்தான் எழுதப்படுகிறது. நார்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த நாவலில் பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்குக் கம்பம் நிற்கும். ஏன் நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஐந்து புத்தகம் தாண்டி, 1955இல் வந்த 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் விடை வருகிறது. விடையை முதலில் படித்தவருக்கு அந்தக் கம்பம் வெறும் கம்பம்.

கே (கோத்தகிரி): இது தவறான வழிகாட்டல். கதை வரிசைதான் சரி என்று லூயிஸே கடிதம் எழுதியிருக்கிறார். ஆசிரியரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

ப: கடிதம் உண்மை சார். 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதியது. அம்மா வெளியான வரிசை என்கிறார், மகன் கதை வரிசை என்கிறான்; லூயிஸ் மகன் பக்கம் சாய்கிறார். ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது என்ற பொருளிலும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதைச் சேர்த்துச் சொல்லாமல் பாதியை மட்டும் கொண்டுவந்தால் எப்படி? ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 1994இல் எண்ணை மாற்றியபோதும் இந்தக் கடிதத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குக் கடிதத்தைவிட நாவலின் வரி பெரிய சாட்சி. 1950 நாவலில் அஸ்லான் என்ற பாத்திரத்தின் பெயர் முதல்முறை வரும் இடத்தைப் பாருங்கள். அஸ்லான் யாரென்று உங்களுக்குத் தெரியாததுபோலவே அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி வாசகரைப் பார்த்துச் சொல்கிறார். 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் அஸ்லானைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த வரி பொய்.

கே (குன்னூர், பெட்ஃபோர்டு): என் பையன் எண் வரிசையில்தான் படித்தான். அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. கோத்தகிரிக்காரர் பக்கம்தான் நானும்.

ப: பிடித்திருந்தால் மகிழ்ச்சி. இரண்டாம் முறை படிக்கும்போது மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

கே (உதகை): தமிழில் இந்தப் பிரச்சினையே இல்லையே? நம் ஆட்கள் முதலிலிருந்து முடிவுவரை நேராகச் சொல்லிவிடுகிறார்கள்.

ப: ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இருக்கிறதே. மூன்று பகுதி. முதல் பகுதி நகரத்தின் பிற்காலம், இரண்டாவது அதற்கு வெகு முந்தைய காலம், மூன்றாவது அழிவு. முதல் பகுதியில் கதையாகவும் சடங்காகவும் கேள்விப்படுகிறவர்களை இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமாகப் பார்க்கிறோம். மனிதர்கள் எப்படித் தொன்மம் ஆகிறார்கள் என்பது அந்த அடுக்கில்தான் இருக்கிறது. கால வரிசைப்படி இரண்டாம் பகுதியை முதலில் படித்தால் மிஞ்சுவது ஒரு தத்துவ விவாதம் மட்டும்.

'அது ஃபேன்டசியா, இலக்கியமா' என்று மூன்று சீட்டு வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாதா?

கே (கூடலூர்): டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் 41 நாவல். எங்கே ஆரம்பிக்கிறது?

ப: 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989). மரணமே ஒரு பாத்திரமாக வருவது பிடிக்குமென்றால் 'மோர்ட்' (1987). முதல் நாவலான 'த கலர் ஆஃப் மேஜிக்' (1983) வேண்டாம். பழைய வாள்-மந்திரக் கதைகளைக் கேலி செய்வது அது, அந்தக் கதைகளைப் படிக்காதவருக்குக் கேலி பிடிபடாது.

கே (கோத்தகிரி): ஆக, வெளியான வரிசை என்ற சட்டம் உங்களுக்கு வேண்டாதபோது செல்லாது!

ப: இந்த முறை நல்ல அடி சார். டிஸ்க்வேர்ல்ட் ஒற்றைத் தொடர் கிடையாது. காவல்காரர்கள், சூனியக்காரிகள், மரணம், மந்திரவாதிகள் என்று பல கிளைகள் ஒரே உலகத்தில் ஓடுகின்றன. கிளையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் இஷ்டம். கிளைக்குள் போய்விட்டால் வெளியான வரிசை. சட்டம் அப்படியேதான் நிற்கிறது.

கே (மஞ்சூர்): 'வீல் ஆஃப் டைம்' ஐந்தாம் புத்தகத்தில் இருக்கிறேன். யார் யாரென்றே மறந்துபோகிறது.

ப: பதினான்கு பெரிய தொகுதி, மறக்கத்தான் செய்யும். ஏ4 தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்துப் பக்க அடையாளமாக வையுங்கள். பெயர், ஊர், யார் பக்கம், கடைசியாகப் பார்த்த அத்தியாயம், இந்த நான்கு மட்டும் எழுதினால் போதும். குணம், கண் நிறம் எல்லாம் எழுத ஆரம்பித்தால் மூன்றே நாளில் சலித்து நிறுத்திவிடுவீர்கள். ஒரு பெயர் இரண்டாம் முறை வரும்போதுதான் தாளில் ஏற்றவேண்டும்; ஒருமுறை வந்து போகிறவர்கள்தான் இதில் பெரும்பான்மை. பின்னால் இருக்கும் சொல்லடைவைத் தொகுதியை முடிக்குமுன் புரட்டாதீர்கள், அந்தத் தொகுதியில் நடப்பதை அங்கங்கே கசியவிடும்.

எட்டிலிருந்து பத்துவரை கதை தவழும். யாருடைய அத்தியாயம் இழுக்கவில்லையோ அதை வேகமாகப் புரட்டிக்கொண்டு போகலாம், ஒன்பதின் முடிவை மட்டும் விடக்கூடாது. முன்கதையான 'நியூ ஸ்பிரிங்'கைப் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் படியுங்கள். அது வெளியானதும் அந்த இடத்தில்தான், 2004இல். தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்தார். கடைசி மூன்றையும் அவர் குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் முடித்தார், 2013இல் நிறைவு. பன்னிரண்டில் நடை மாறுவது கண்ணில் படும்.

கே (வெலிங்டன்): 'சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடங்கலாமா?

ப: திட்டம் ஏழு, கையில் ஐந்து, ஐந்தாவது வந்தது 2011. முடிவில்லாமல் நிற்கத் தயார் என்றால் தொடங்குங்கள். 'நேம் ஆஃப் த விண்ட்' கேட்டவருக்கும் இதே பதில்: அது தொடங்கிவைக்கும் மூன்று நாவல் தொடரில் இரண்டுதான் வந்திருக்கிறது.

கே (குன்னூர்): ஹாரி பாட்டர் எந்த வரிசை?

ப: முதுகில் போட்டிருக்கும் வரிசை. அங்கே எண்ணும் ஆண்டும் ஒத்துப்போகின்றன.

கே (கேத்தி): தொடரே வேண்டாம் அக்கா. ஒரே புத்தகம், ஒரு வாரத்தில் முடியணும்.

ப: சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). ஏறக்குறைய 250 பக்கம். பின்னட்டையைப் படிக்காமல் உள்ளே போங்கள். முதல் ஐம்பது பக்கம் ஒன்றும் புரியாது, அது அப்படித்தான் இருக்கவேண்டும். நாட்குறிப்புகளின் தலைப்பில் தேதி போடும் முறையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

கே (உதகை): பெண்ணுக்குப் பத்து வயது. தமிழில் மட்டும் படிப்பாள்.

ப: வாண்டுமாமா. அடுத்து ஜெயமோகனின் 'பனிமனிதன்'. பழைய அம்புலிமாமா இதழ்கள் வீட்டில் யாரிடமாவது இருந்தால் வேதாளக் கதைகளை மட்டும் தேடி எடுத்துக் கொடுங்கள். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, அவளை முதலில் பதில் சொல்லவிடுங்கள்.

கே (அரவங்காடு): நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

ப: பழைய அசல் பிரதி என்றால் தாராளமாக வாங்கலாம். திருட்டு அச்சை வாங்காதீர்கள். ஆசிரியருக்குக் காசு போகாது என்பது ஒன்று. வரைபடம் கறுப்புத் திட்டாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது என்பது இன்னொன்று. ஃபேன்டசியில் வரைபடம் இல்லாமல் பயணத்தைப் பின்தொடர முடியாது. பழைய புத்தகம் வாங்கும்போது பாரம், அதாவது ஒன்றாக மடித்துச் சேர்த்த பக்கக் கட்டு, விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 16 அல்லது 32 பக்கம் ஒரு பாரம். பக்க எண்ணை 16, 32, 48 என்று தாவித் தாவிப் புரட்டினால் விட்டுப்போன பாரமும் இரண்டுமுறை சேர்ந்த பாரமும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணூறு பக்க நாவலில் 16 பக்கம் காணாமல் போனது படிக்கும்போதுதான் தெரியவந்தால் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

கே (கோத்தகிரி, வேறொருவர்): புத்தகமெல்லாம் பூசணம். நீலகிரித் தைலம் தடவினால் போகும் என்கிறார்கள்.

ப: நாவல் பற்றிய கேள்வி இல்லை, ஆனாலும் இந்த மலையில் தவிர்க்க முடியாத கேள்வி. தைலம் தடவாதீர்கள். தாளில் கறை விழும், வாசனையில் பூசண நாற்றம் மறையும், ஈரம் அப்படியே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் வரத்தான் செய்யும். கூடலூர், உதகைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர். உங்களுக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர்தான் ஆபத்து.

பூசணம் பிடித்ததைத் தனியே எடுத்து, பக்கங்களை விசிறியாக விரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். காய்ந்து பொடியான பிறகு வெளியே எடுத்துப்போய், என்95 முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தட்டுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள், வெளிச்சுவராக இருந்தால் கட்டாயம். மூடும் பெட்டி என்றால் 50 லிட்டருக்கு அரைக்கிலோ சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் மின் அடுப்பில் (ஓவன்) 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். ஈரப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடினால் பூசணம் இன்னும் வேகமாக வளரும். ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள், முதுகுப் பசை வெடித்துவிடும்.

கே (குன்னூர்): நீலகிரி மாதிரி ஒரு மலையை வைத்து ஃபேன்டசி நாவல் எழுதுகிறேன். காலம் ஆயிரம் ஆண்டுக்கு முன். எதைக் கவனிக்கணும்?

ப: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். முதலில் தூரம். சமவெளியிலிருந்து படை கிளம்பி மாலைக்குள் மலை ஏறிவிட்டது என்று எழுதாதீர்கள். நடையைக் கணக்கிட எளிய வழி உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூட்டவேண்டும். மேட்டுப்பாளையம் குன்னூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். சுமையில்லாத, பழகிய ஆளுக்கே எட்டரை மணி. பொதிமாடும் கூடாரமும் உள்ள படைக்கு இரண்டு மூன்று நாள், அதுவும் பாதை இருந்தால். நடுவில் ஓர் இரவு சரிவில் தங்கவேண்டும் என்றாலே உங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

அடுத்து மண்ணில் என்ன விளைகிறது என்பது. தேயிலை, உருளைக்கிழங்கு, யூகலிப்டஸ் மூன்றும் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. உங்கள் மலையில் இருக்கவேண்டியது புல்வெளி, மடிப்புகளில் சோலை, சாமை, ராகி, எருமை நெய், பாறைத்தேன். தோடர் நெய், கோத்தர் இரும்பும் மண்பாண்டமும், குறும்பர் தேன், படுகர் தானியம் என்று இங்கே பண்டமாற்று இருந்ததைப் படியுங்கள். அப்படியே தூக்கி வைக்காமல், யாருக்கு யார் இல்லாமல் நடக்காது என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரடியாகக் கத்துகிறேன், ஒரு விஷயம் மட்டும் வேண்டாம்: காட்டு மக்களைச் சூனியக்காரர்களாக எழுதாதீர்கள். சூனியம் வைத்ததாகச் சந்தேகப்பட்டுக் குறும்பர்களைக் கொன்றது 19ஆம் நூற்றாண்டில் இங்கேயே நடந்து பதிவாகியிருக்கிறது.

மந்திரத்துக்கு மூன்று கேள்வி: யாரால் முடியும், என்ன விலை, எது முடியவே முடியாது. மூன்றாவதுக்குப் பதில் எழுதாமல் முதல் அத்தியாயம் தொடங்கினால் இருபதாவதில் மாட்டுவீர்கள். காயத்தைத் தொட்டதும் ஆற்றும் வைத்தியர் இருக்கும் நாட்டில் அரசர் ஏன் நொண்டுகிறார் என்று முதல் வாசகரே கேட்பார். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதை வைத்து நாட்காட்டி செய்யாதீர்கள். எல்லோரும் செய்துவிட்டார்கள்.

கே (கேத்தி): நார்னியாவில் முதலில் எது?

ப: 2, 4, 5, 6, 3, 1, 7.

கே (கோத்தகிரி): கடைசியாக ஒன்று. உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' தொடரில் 2001 என்ற ஒரே ஆண்டில் இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. உங்கள் சட்டப்படி எது முதலில்?

ப: 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ', பிறகு 'தி அதர் விண்ட்'. வெளியானதும் அப்படித்தான். 'டேல்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையான 'டிராகன்ஃப்ளை'தான் 1990இல் வந்த 'டெஹானு'வுக்கும் கடைசி நாவலுக்கும் பாலம். அதை விட்டுவிட்டுப் போனால் 'தி அதர் விண்ட்'டில் ஒரு பெண் வந்து நிற்பாள், யாரென்று தெரியாது.