நுனியில் 100 கிராம், கையில் அரைக் கிலோ: பூம் பிடிப்பவர்களின் கேள்விகள்

நடிகர்கள் பேசுவதைப் பதிவு செய்ய, நுனியில் மைக் மாட்டிய நீண்ட ராடை (பூம்) அவர்கள் தலைக்கு மேல் நீட்டிப் பிடிக்கிறேன். மைக், உறை எல்லாம் சேர்த்தே அரைக் கிலோதான். ஆனாலும் 3 நிமிட டேக்கில் தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. லேசான கார்பன் ஃபைபர் ராடு வாங்கினால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நுனி. ராடை முன்னால் தாங்குவது ஒரு கை, அதன் அடிப்பக்கத்தைப் பிடிப்பது பின்கை. தாங்கும் கையிலிருந்து மைக் 2.4 மீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு கைகளுக்கும் நடுவே 60 செ.மீ. என்று வையுங்கள். நுனியில் 500 கிராம் தொங்கினால், ராடு முன்பக்கம் கவிழாமல் இருக்கப் பின்கை 2 கிலோ அளவுக்குக் கீழே அழுத்தியாக வேண்டும். அந்த 2 கிலோவும் நுனியின் அரைக் கிலோவும் சேர்ந்து தாங்கும் கையில் இறங்குவது 2.5 கிலோ. ராடின் சொந்த எடை தனிக் கணக்கு.

இதே கணக்கில் நுனியில் 100 கிராம் குறைத்தால் தாங்கும் கைக்கு 500 கிராம் மிச்சம். காற்றில்லாத உள்ளரங்கில் காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பெரிய கூண்டு உறையைக் கழற்றிவிட்டு ஷாக் மவுண்ட் (ராடின் அதிர்வு மைக்குக்குப் போகாமல் தடுக்கும் பிடிப்பான்), ஸ்பாஞ்ச் உறையோடு நிறுத்துங்கள். ஆனால் இரண்டு நடிகர்களுக்கு நடுவே மைக்கைச் சட்டென்று வீசித் திருப்பும் காட்சி என்றால் மெல்லிய ஸ்பாஞ்ச் தாங்காது, காற்றடிக்கும் சத்தம் பதிவாகிவிடும்.

காசில்லாத வழி ஒன்று உண்டு. தாங்கும் கையை நகர்த்தாமல் பின்கையை மட்டும் 20 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். பின்கையின் அழுத்தம் 1.5 கிலோவாகும், தாங்கும் கையில் 2 கிலோ. ரொம்பவும் அகட்டினால் கைகள் பக்கவாட்டில் சரிந்து, தோள் மறுபடி உழைக்கத் தொடங்கும்.

மைக்கின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரை மைக்கிலேயே மாட்டலாமா, ராடின் அடியிலா?

அடியில். 200 கிராம் டிரான்ஸ்மிட்டரை நுனியில் மாட்டினால் மேலே சொன்ன கணக்குப்படி தாங்கும் கையில் ஒரு கிலோ கூடும். அதையே பின்கைக்குப் பக்கத்தில் மாட்டினால், பின்கை அழுத்த வேண்டியதில் 200 கிராம் குறையும், தாங்கும் கைக்கு எதுவும் கூடாது. ராடுக்குள் கேபிள் ஓடுவதால் அது உள்ளே தட்டாமல் இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிக் கேட்டுவிடுங்கள். அடியில் எடை இருந்தால் பாரம் குறையும் என்று நினைத்துச் சிலர் அங்கே ஈயக் கட்டி கட்டுகிறார்கள். பின்கை இருக்கும் இடத்திலேயே கட்டினால் தாங்கும் கைக்கு ஒரு கிராம்கூடக் குறையாது.

எப்படி நின்றால் நீண்ட டேக் தாங்கும்?

கைகளை நேராக மேலே தூக்கி, முழங்கை நிமிர்ந்து, ராடு தலைக்கு மேல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அப்போது பாரம் எலும்பு வழியாக இறங்கும். முழங்கை மடிந்து, ராடு முகத்துக்கு முன்னால் வந்த நொடியிலிருந்து அதைத் தசைதான் சுமக்கிறது. அரை நிமிடத்துக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டு நிமிடத்தில் நடுக்கம் வரும்.

தாங்கும் கையை உள்ளங்கை விரித்து ஒரு கொக்கி போல வையுங்கள், ராடு அதில் அமரட்டும். மைக்கைத் திருப்புவது பின்கையின் வேலை. இறுக்கிப் பிடிப்பதால் முன்னங்கை சீக்கிரம் சோர்கிறது, விரல் அசையும் ஓசையும் ராடு வழியாக மைக்குக்குப் போகிறது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு இருக்கட்டும், ஒரு கால் சற்று முன்னால். முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். அதை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். இடுப்பைப் பின்னுக்கு வளைத்துச் சமன் செய்யும் பழக்கம்தான் கீழ்முதுகு வலிக்கு முக்கியக் காரணம்.

நெருக்கமான ஷாட் என்றால் ராடை மார்பு உயரத்தில் பிடித்து, கீழிருந்து மைக்கை மேல்நோக்கிக் காட்டலாம். தோளுக்கு ஓய்வு கிடைக்கும், ஆனால் துணி உரசல் கூடுதலாகக் கேட்கலாம். ஒலிப்பதிவைக் கவனிக்கும் சவுண்ட் மிக்ஸர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

டேக்குக்கு நடுவே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் ராடைத் தூக்கிக்கொண்டே நிற்கிறேன்.

நிற்காதீர்கள். பலரும் களைத்துப்போவது டேக்கில் அல்ல, இந்தக் காத்திருப்பில்தான். கட் கேட்டதும் ராடைச் செங்குத்தாக நிறுத்தி, அடிமுனையைத் தரையில் ஊன்றுங்கள். ரோல் சொல்லும் முன் உங்களுக்கு ஒரு சைகை வேண்டும் என்று உதவி இயக்குநரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். கேமராமேனிடம் லென்ஸ் என்ன என்று கேட்டு, ஃப்ரேமின் மேல் விளிம்பை ரிகர்சலில் ஒருமுறை மைக்கை இறக்கிப் பார்த்துக்கொண்டால், டேக்கில் பயந்து தேவைக்கு மேல் உயரத் தூக்க வேண்டிவராது.

ஸ்டாண்டில் மாட்டினால் கேவலமா?

இல்லவே இல்லை. நடிகர்கள் உட்கார்ந்து பேசும், நகர்வே இல்லாத காட்சிக்குப் பூம் ஹோல்டர் (ராடைத் தாங்கும் பிடிப்பான்) பொருத்திய சி-ஸ்டாண்டுதான் (படப்பிடிப்பில் பயன்படும் மூன்று கால் இரும்புத் தாங்கி) சரி. மணல்மூட்டையைப் பாரம் நீளும் பக்கத்துக் காலில் வையுங்கள். நடிகர் தலையைத் திருப்பினால் ஸ்டாண்டு திருப்பாது, அதனால் நகரும் காட்சிக்குக் கைதான்.

உடற்பயிற்சி?

வாரம் 3 நாள் போதும். ரப்பர் பட்டையை முகத்தை நோக்கி இழுத்தல், முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து வெளிப்பக்கம் திருப்புதல், பிளாங்க் (முன்னங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது). முதல் இரண்டும் 15 முறை வீதம் 2 சுற்று. ஷூட்டிங்குக்கு முந்தைய நாள் கனமான எடையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். விரல் மரத்துப்போனால் கையை இறக்கி உதறுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும். இரவிலும் மரத்திருந்தாலோ, கையைத் தூக்கும்போது தோளில் குத்தினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.